சீல் மாற்றியும் நிற்காத கசிவு

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஓடும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின் டிஃபரென்ஷியலில் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி), எஞ்சின் விசையைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் எண்ணெய் கசிகிறது. ஆயில் சீலை மாற்றிய பிறகும் நிற்கவில்லையே, ஏன்?
- வாசகர், வால்பாறை

பதில்: கசிவின் காரணத்தைத் தேடாமல் சீலை மட்டும் மாற்றினால் மீண்டும் கசியத்தான் செய்யும். முதலில் ஆக்சிலின் மேலுள்ள பிரீதரை, அதாவது உள்ளிருக்கும் காற்று வெளியேறும் சிறு துளையைப் பாருங்கள். அதில் சேறு அடைத்திருந்தால், ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளிவிடும். அடுத்து ஷாஃப்ட்டைக் கழற்றி, பினியன் ஃபிளாஞ்சை (டிஃபரென்ஷியலின் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தோடு ஷாஃப்ட்டை இணைக்கும் தட்டு) மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள்; அந்நிலையில் எவ்வளவு நல்ல சீலும் தாங்காது. ஃபிளாஞ்சைக் கழற்றியதும், சீலின் உதடு உரசும் வளையத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் ஃபிளாஞ்சையும் மாற்றுவதே சரி.

பினியன் நட்டில்தான் மிகுந்த கவனம் தேவை. க்ரஷ் ஸ்லீவ் (பேரிங்கின் இறுக்கம் சரியாக அமைய, நட்டை முறுக்கும்போது நசுங்கிக் கொடுக்கும் உலோகக் குழல்) உள்ள ஆக்சிலில் நட்டைக் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கன்னால் முறுக்கினால், ஸ்லீவ் மேலும் நசுங்கி, பேரிங் அளவுக்கு மீறி இறுகிச் சூடேறும். ஆகவே கழற்றும் முன்பே பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்து குறித்துக்கொண்டு, பொருத்தும்போது கையேட்டின்படி சிறிது சிறிதாக இறுக்கச் சொல்லுங்கள். புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, கோணாமல் அடித்து இறக்க வேண்டும். கடைசியாக, கையேட்டில் குறித்த தரத்திலுள்ள கியர் ஆயிலை, வண்டி சமதரையில் நிற்கும்போது, நிரப்பும் துளையின் விளிம்புவரை ஊற்றுங்கள்.