கேள்வி–பதில்: தகட்டை விழுங்கும் மரம்

கே: காட்டு நடைபாதையில் வழிகாட்ட மரங்களில் ஆணியடித்து மாட்டிய அம்புக்குறித் தகடுகள் சில வருடங்களிலேயே வளைந்து பிய்ந்து விழுகின்றன. காற்றுதான் காரணமா?

ப: காற்றல்ல, மரமேதான். அடிமரம் ஆண்டுதோறும் பருக்கும். ஆணியைத் தலைவரை இறுக்கி அடித்திருந்தால் தகடு நகர இடமில்லாமல் வளையும். பட்டை அதன் விளிம்பை மூடி வளரும். அலுமினிய ஆணி இரண்டு போதும். தகட்டுக்கும் ஆணித் தலைக்கும் நடுவே அரை அங்குலம் விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆணியைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட வேண்டும்.

தகட்டைவிட, மரத்தின் மீதே பெயின்டால் குறி போடுவது நல்லது: 2 அங்குல அகலம், 6 அங்குல உயரம், கண் மட்டத்தில். பெயின்ட் அடிக்கும் முன் உதிரும் வெளிப்பட்டையை மட்டும் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் அளவுக்கு மீறி ஆழமாகச் சுரண்டிவிட்டீர்கள். பாதை பிரியும் இடத்துக்கு முன்னால் ஒரு குறி, திரும்பியதும் ஒரு குறி. எதிர்த்திசையிலும் நடந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுவார்கள்.