வாசகர் கேள்வி – பதில்: எல்லைக்கு இருபுறமும் வேர்விட்ட குடும்பம்

கேள்வி: என் தாத்தா கடலூரில் பிறந்தவர். அவருடைய தந்தை குப்புசாமி, பாகூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவைக் கேட்டதற்கு, ‘பதிவு இல்லை’ என்ற சான்றுதான் கிடைத்தது. இனி எங்கே தேடுவது? – வாசகி, மஞ்சக்குப்பம்.

பதில்: அந்தச் சான்றைக் கண்டு மனம் தளர வேண்டாம். நீங்கள் குறிப்பிட்ட பெயர், குறிப்பிட்ட ஆண்டில், அந்த ஒரு பதிவேட்டில் இல்லை என்பதே அதன் பொருள். பழைய பதிவேடுகளில் பெயர் சூட்டுவதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால், ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் எழுதி, தந்தையின் பெயரையும் தெருவையும் குறித்திருப்பார்கள். ஆகவே தந்தை பெயர் குப்புசாமி என்று கொடுத்து, முன்னும் பின்னுமாக ஐந்தாண்டுகளுக்குத் தேடக் கேளுங்கள்.

அடுத்து, யார் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஊரில் மணந்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. கடலூரோ 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. இரு ஆட்சிகளின் கிராமங்களும் பின்னிப் பிணைந்து கிடந்ததால், பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பாராமல் நடந்தன. அதனால்தான் ஒரே குடும்பத்தின் காகிதங்கள் இரண்டு அரசுகளின் அலமாரிகளில் பிரிந்து கிடக்கின்றன.

புதுச்சேரிப் பக்கத்தில் ‘எத்தா சிவில்’ என்று மக்கள் சொல்லும் குடிமைப் பதிவேடுகள் உள்ளன. பிறப்பை விடத் திருமணப் பதிவை முதலில் தேடுவது நல்லது என்பது என் கருத்து. மணமக்களோடு இருவீட்டுப் பெற்றோரின் பெயர்களும் அதில் இருப்பதால், ஒரே ஏட்டில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு படியைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-இலேயே அரசாணை பிறந்ததால், அங்கே சென்று சேர்ந்த படிகள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் பலவற்றை அதன் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயரை மட்டும் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி எழுதித் தேட வேண்டும். குப்புசாமியை அவர்கள் ‘கே’ எழுத்தில் தொடங்குவதில்லை; ‘சி’, ‘ஓ’, ‘யூ’ என்று தொடங்குவார்கள். முருகனுக்கு ‘எம்’, ‘ஓ’, ‘யூ’.

இன்னொன்று: 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி, தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். உங்கள் முன்னோரில் யாரேனும் அவ்வாறு செய்திருந்தால், அண்ணனும் தம்பியும் வெவ்வேறு பெயர்களில் இருக்கக்கூடும்.

கடலூர்ப் பக்கத்தில் உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வில்லங்கச் சான்று குறிப்பிட்ட ஓர் ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்கு விண்ணப்பமும் தேடுதல் கட்டணமும் கொடுத்து, பெயர் அட்டவணையைப் புரட்டச் செய்ய வேண்டும். அசையாச் சொத்துக்கான முதலாம் புத்தகத்தை, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, உறவு என்று நிரூபிக்காமலேயே எவரும் பார்வையிட்டு நகல் பெறலாம். உயிலின் நகலோ, எழுதியவர் இறந்த பிறகே மற்றவர்களுக்குக் கிடைக்கும். பத்திரம் கிடைத்தால் நான்கெல்லையை விடாமல் படியுங்கள். எங்கள் குடும்பப் பத்திரம் ஒன்றில், ‘வடக்கில் என் தமையன் பாகத்து மனை’ என்ற ஒரு வரியிலிருந்துதான், எங்கள் பாட்டனாருக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதையே அறிந்தோம். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

கேள்வி: பரம்பரைப் பத்திரத்தில் ‘பார்த்திப ௵ தை ௴’ என்று மட்டுமே தெரிகிறது, ஆங்கில ஆண்டு இருந்த இடம் பூச்சியரித்துவிட்டது. காலத்தை எப்படி அறிவது? – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்.

பதில்: ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ என்று வந்தால் ‘மேற்படி’. பார்த்திப வருடம் 1885 சித்திரையிலும், அறுபது ஆண்டு கழித்து 1945 சித்திரையிலும் பிறந்தது. தை மாதம் ஆங்கில ஆண்டு மாறிய பிறகு வருவதால், உங்கள் பத்திரம் 1886-இலோ 1946-இலோ எழுதப்பட்டது. எது என்பதை முத்திரைத்தாளே சொல்லும்: விக்டோரியா மகாராணியின் உருவம் இருந்தால் முன்னது, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் இருந்தால் பின்னது. உருவமும் சிதைந்திருந்தால் தாளின் பின்புறத்தைப் பாருங்கள். முத்திரைத்தாள் விற்றவர், வாங்கியவர் பெயரையும் விற்ற தேதியையும் எழுதிக் கையொப்பமிட்டிருப்பார். மடிப்புகளை வலிந்து பிரிக்காமல், ஒளிநகல் இயந்திரத்தில் வைக்காமல், பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.