கேள்வி – பதில்: ஆறு நிமிட வீடியோவுக்கு எத்தனை சொல்?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோவில் குடமுழுக்கை ஒட்டி ஆறு நிமிட வீடியோ எடுக்கிறோம். தல வரலாற்றை நான் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் பதினோரு நிமிடம் ஓடுகிறது. எதை வெட்டுவது?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: முதலில் கணக்கு. தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 90 சொல் வரும். நாதஸ்வரம், மணியோசை, ஓதுவார் குரல் இவற்றுக்கு இரண்டு நிமிடமாவது ஒதுக்குங்கள். மங்கல இசை மேல் பேச்சை ஏற்றினால் இரண்டுமே கெடும். மீதி நாலு நிமிடம், அதாவது 360 சொல். உங்கள் கையில் இருப்பது ஆயிரத்தை ஒட்டி இருக்கும்.

தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரலும் ஒலியும் என்று எழுதுங்கள். எந்த வரிக்கு எதிரே காட்சி இல்லையோ, அந்த வரிதான் முதலில் போக வேண்டியது. 'வானளாவிய ராஜகோபுரம்' போன்ற அடைமொழிகளும் வேண்டாம். கோபுரம்தான் திரையில் தெரிகிறதே. கருவறைக்குள் கேமராவைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். மூலவரைப் பற்றிப் பேசும்போது எதைக் காட்டுவது என்று எழுதும்போதே முடிவு செய்யுங்கள்: துவாரபாலகர், உற்சவர் புறப்பாடு, தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகள்.

தேவாரப் பாடல் முழுவதையும் பண்ணோடு பாடினால் ஒரு நிமிடம் சுலபமாகக் கடந்துவிடும். இரண்டு அடி போதும். உங்கள் ஊர் ஓதுவாரையே பாட வைத்துப் பதிவு செய்யுங்கள். பாடல் எல்லோருக்கும் சொந்தம்; யாரோ வெளியிட்ட ஒலிப்பதிவு அப்படியல்ல.

நாங்கள் மிகவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. புராணத்தைப் புராணமாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் சொல்லுங்கள். 'இந்திரன் வழிபட்டதாகத் தல புராணம் சொல்கிறது' என்றால் பக்திக்கும் குறைவில்லை, பொய்யும் இல்லை. தஞ்சைப் பெரிய கோவில் விமான நிழல் தரையில் விழாது என்று இன்னமும் வீடியோக்களில் சொல்கிறார்கள். விழுகிறது, நேரில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அதே கோவிலில் ராஜராஜன், தான் கொடுத்ததோடு 'அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்', அதாவது அக்காவும் தேவியரும் கொடுத்தவற்றையும், கல்லில் வெட்டச் சொன்னான். இதைவிட உருக்கமான வசனத்தை நாம் எழுதிவிட முடியுமா? உங்கள் கோவில் சுவரிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வீடியோவை அதிலிருந்தே தொடங்கலாம். 'பாடல் பெற்ற தலம்' என்று எழுதும் முன்னும் சரிபாருங்கள். அந்தத் தலத்துக்கென்றே தேவாரப் பதிகம் இருந்தால்தான் அந்தப் பெயர். வேறு தலத்துப் பதிகத்தில் பெயர் மட்டும் வந்திருந்தால் அது வைப்புத் தலம். தெரிந்தவர்கள் முதலில் பிடிப்பது இந்தத் தவறைத்தான்.

வாசிப்பவருக்குக் கொடுக்கும் பிரதியில் 1010 என்று எண்ணாகப் போடாமல் 'ஆயிரத்துப் பத்து' என்று எழுத்தில் எழுதுங்கள். நீண்ட பெயர்களைப் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கின் திருவிழா வீடியோவுக்கு எழுதியதை, 'இது நம் நடை இல்லை' என்று பெரியவர்கள் திருப்பிவிட்டார்கள். என்ன பிழை?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சொற்கள் கலந்திருக்கும். 'கர்த்தர்', 'தேவன்', 'ஒரேபேறான குமாரன்' ஆகியவை சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்) வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள். உங்கள் பங்கில் 'ஆண்டவர்', 'கடவுள்', 'ஒரே மகன்' என்பதே காதுக்குப் பழகியது. வசனங்களைத் திருப்பலியில் வாசிக்கும் திருவிவிலியத்திலிருந்து எழுத்து மாறாமல் எடுங்கள். 'மரியாள்' என்று எழுதியிருந்தால் 'அன்னை மரியா' ஆக்குங்கள். வேளாங்கண்ணியைக் குறிப்பிடுவதாக இருந்தால் கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெருவிழா செப்டம்பர் 8; இரண்டையும் மாற்றிப் போட்டுவிட வேண்டாம். படப்பிடிப்புக்கு முன் பங்குத்தந்தையிடம் ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். குரல் பதிவான பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி பதிவு செய்ய வேண்டிவரும்.