எடிட்டர் பெட்டியில் ஈவென்ட் எழவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: டெக்ஸ்ட்ஏரியாவில் (பக்கத்தில் எழுதும் பெட்டி) மாற்றம் நடந்தால் ஓடும்படி ஆன்சேஞ்ச் போட்டிருந்தேன். டைனிஎம்சிஇ எடிட்டரைச் சேர்த்ததிலிருந்து அது ஓடவே இல்லை.

பதில்: ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வழக்கமான அமைப்பில் டைனிஎம்சிஇ உங்கள் டெக்ஸ்ட்ஏரியாவை மறைத்துவிட்டு ஒரு ஐஃப்ரேமை, அதாவது பக்கத்துக்குள் தனிப் பக்கத்தை, வைக்கிறது. தட்டச்சு நடப்பது அதற்குள். அங்கே எழும் ஈவென்ட் (நடந்ததைச் சொல்லும் அறிவிப்பு) வெளிப்பக்கத்துக்கு வராது. ஆகவே எடிட்டரிடமே கேளுங்கள்: செட்அப்புக்குள் எடிட்டர்.ஆன் எழுதி இன்புட், சேஞ்ச் இரண்டையும் பிடியுங்கள். சேஞ்ச் மட்டும் போதாது. அது அன்டூ நிலை (பின்வாங்கித் திரும்பக்கூடிய இடம்) பதிவாகும்போதுதான் எழும், ஒவ்வொரு எழுத்துக்கும் அல்ல. உள்ளடக்கத்தை எடுக்க கெட்கன்டென்ட் அழையுங்கள். பழைய டெக்ஸ்ட்ஏரியாவிலும் ஏற வேண்டுமென்றால் ட்ரிக்கர்சேவ். அப்புறம், வந்த எச்டிஎம்எல்லில் தீங்கான நிரல் இருக்கலாம், சர்வரில் வடிகட்டாமல் யாருக்கும் காட்டாதீர்கள்.

கேள்வி: கன்டென்ட்எடிட்டபிள் டிவ்வில் (நேரடியாக எழுதவிடும் பக்கப்பகுதி) சேஞ்ச் வருமா?

பதில்: வராது. இன்புட்.

கேள்வி: இன்புட் எதற்கு? சாவியை விடும்போது எழும் கீஅப் போதுமே. எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: மவுஸில் வலது கிளிக் செய்து ஒட்டிப் பாருங்கள். எழுத்துப்பிழைத் திருத்தத்தைத் தேர்ந்து பாருங்கள். ஒரு சொல்லை இழுத்துப் போட்டுப் பாருங்கள். எதிலும் சாவி அழுத்தப்படவில்லை; கீஅப் எங்கிருந்து வரும்?

கேள்வி: குவில் எடிட்டரில் டெக்ஸ்ட்-சேஞ்சுக்குள் செட்கன்டென்ட்ஸ் அழைத்தேன், பக்கம் உறைந்துவிட்டது.

பதில்: உங்கள் மாற்றமே மறுபடி அந்த ஈவென்டை எழுப்புகிறது. உங்கள் நிரலுக்கு மூன்றாவதாக வரும் சோர்ஸ் (மாற்றியது யார் என்பது) 'யூசர்' என்றிருந்தால் மட்டும் வேலையைச் செய்யுங்கள்.

கேள்வி (கீஅப் நண்பர்): என் பயனர்கள் ஒட்டுவதில்லை, தட்டச்சுதான்.

பதில்: சரி, தட்டச்சுக்கே வருவோம். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பல எந்த எழுத்துக்கும் கீகோட் (சாவியின் எண்) 229 என்றே சொல்லும். எந்தச் சாவி என்று பார்த்து எழுதிய நிரல் அங்கே குருடு. ஐஎம்இயில் (பல தட்டல்களைச் சேர்த்து எழுத்தாக்கும் உள்ளீட்டுக் கருவி) எழுத்து கூடிக்கொண்டிருக்கும்போது தட்டிய என்டரை "அனுப்பு" என்று எடுத்துக்கொண்டால், பாதிச் சொல் போய்விடும். கீடவுனில் ஈவென்ட்.இஸ்கம்போசிங் உண்மையா என்று பாருங்கள்.

கேள்வி: என் டூல்பார் பட்டனை அழுத்தினால் தேர்ந்த எழுத்து விலகுகிறது.

பதில்: கிளிக்குக்கு முன்பே ஃபோகஸ் போய்விடுகிறது. மவுஸ்டவுனில் பிரிவென்ட்டிஃபால்ட் அழைத்து அதைத் தடுங்கள்.

கேள்வி: சிகேஎடிட்டர் 5, டெக்ஸ்ட்ஏரியாவின் ஆன்கீஅப் வேலை செய்யவில்லை.

பதில்: முதல் பதில்தான் இதற்கும். ஐஃப்ரேம் இல்லை என்பதுதான் வித்தியாசம், எடிட்டர்.மாடல்.டாக்குமென்டில் 'சேஞ்ச்:டேட்டா' கேளுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸில் கேள்விக்குறிகளாகச் சேமிக்கிறது.

பதில்: அது என் துறை இல்லை, டேட்டாபேஸ் தெரிந்தவரிடம் கேளுங்கள். வடிகட்டுகிறீர்கள்தானே?

கேள்வி (கீஅப் நண்பர்): ஒட்டிப் பார்த்தேன். சேமிக்கவில்லை. பேஸ்ட்டுக்குத் தனியாக ஒன்று சேர்க்கட்டுமா?

பதில்: இன்புட்.