காட்டுக்குள் மரவள்ளி

வணக்கம் ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவன் நான். 2020 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கடையில் அரிசி அடுக்கு வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து ஓர் எண்ணம். எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால், காட்டோரப் புதருக்குள் யார் கண்ணிலும் படாமல் மரவள்ளியும் சேம்பும் நட்டு வைத்தால் ஆபத்துக்கு உதவாதா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

கே.

அன்புள்ள தம்பி,

சிரிக்க இதில் ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசிக் கப்பல்கள் நின்றுபோய், ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோது லயங்களில் அடுப்பெரிய வைத்தது மரவள்ளிதான். கிழங்கைக் காயவைத்து இடித்துக் கஞ்சி காய்ச்சியதை என் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கஞ்சியே கதியாக இருந்தவர்களின் கால் வீங்கியதையும் சொல்வார். கிழங்கு வயிற்றை நிரப்பும். அதில் புரதம் மிகக் குறைவு. அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது அதன் கொழுந்துதான். நன்றாக வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி மலாய்க்காரர்கள் சமைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஒளித்து வைப்பதை நான் ஏற்கவில்லை. 1948 ஜூனில் உங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்ட பிறகு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய ஆட்சியின் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் போட்ட கிழங்குத் தோட்டங்களை ஆகாயத்திலிருந்து கண்டுபிடித்து, மருந்தடித்துக் கருக்கினார்கள். காட்டிலேயே வாழ்ந்தவர்களால் மறைக்க முடியாததை, மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் நாம் எப்படி மறைப்போம்? காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் உங்கள் இரகசியம் முதல் வாரமே தெரிந்துவிடும். செம்பனை ஓரம் என்றால் களைக்கொல்லி. ஒதுக்குக் காடு என்றால், அனுமதியின்றிப் பயிரிடுவது 1984 வனச் சட்டப்படி குற்றம்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. பஞ்சம் வரும் நாளில் நீங்கள் மட்டும் காட்டுக்குப் போய்க் கிழங்கு தோண்டி வருவீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்குமா?

வீட்டுக்குப் பின்னாலேயே நடுங்கள். முற்றிய தண்டில் ஒரு சாண் குச்சி போதும். பத்து மாதத்தில் தோண்டலாம். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். மண்ணிலேயே விட்டால், நார் பாய்ந்தாலும் பல மாதங்கள் கிடக்கும். அதனால் மண்தான் அதற்குக் களஞ்சியம். கசப்பு வகை வேண்டாம், அதில் சயனைடு நஞ்சு அதிகம். இனிப்பு வகையையும் தோலுரித்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டே சாப்பிடுங்கள்.

நட்ட பிறகு, குச்சி இல்லாத வீடுகளுக்கு ஆளுக்கு நான்கு கொடுங்கள். லயம் முழுக்க நின்றால் ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டிலிருந்து மறுபடி நடலாம். என் கொல்லையில் இனிப்பு வகை முற்றி நிற்கிறது. வீட்டாரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வெட்டித் தருகிறேன்.