நோட்டீஸைப் பார்த்துப் பெரியவர்கள் வரமாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்

கேள்வி: எங்களுடையது தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பெரிய ஊராட்சி. இங்குள்ள ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர். ஊரில் பணி ஓய்வு பெற்றவர்கள் மட்டும் முப்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். ‘மூத்தோரே, தொண்டாற்ற வருக’ என்று நூலக வாசலிலும் பால் சொசைட்டியிலும் நோட்டீஸ் ஒட்டினோம். வாட்ஸாப் குழுவிலும் போட்டோம். முதல் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. வர விரும்பிய 72 வயது ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை, ‘இந்த வயதில் எதற்கு அலைச்சல்’ என்று அவருடைய மகன் தடுத்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தொண்டில் நாட்டமில்லை என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். முதியோர் நலப் பணியில் இத்தனை ஆண்டுகளாக நான் கண்டவரையில், எல்லோரையும் பார்த்துப் பொதுவாக விடுக்கும் அழைப்பைத் தமக்கான அழைப்பாக எந்தப் பெரியவரும் எடுத்துக்கொள்வதில்லை. வீடு தேடிப் போய், உட்கார்ந்து நலம் விசாரித்து, தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்துக் கொடுப்பதையே அழைப்பு என்று கருதி வாழ்ந்தவர்கள் அவர்கள். சுவரில் ஒட்டிய தாள் அவர்களுக்கு வெறும் தகவல்தான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். முதல் கூட்டத்துக்கு வந்த அந்த நான்கு பேருக்கும் அன்று செய்வதற்கு என்ன வேலை இருந்தது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பேச்சைக் கேட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனவர்களுக்கு, தாங்கள் வராவிட்டால் எதுவும் நின்றுவிடாது என்பது நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஒரு சிற்றூரில் ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவரை நாங்கள் மூன்று முறை அழைத்தும் அவர் பிடிகொடுக்கவில்லை. நான்காம் முறை, ‘திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனு எழுதத் தெரியாமல் நம் ஊரிலிருந்து பலர் வெறுங்கையோடு போய், வாசலில் இருப்பவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள், சனிக்கிழமை காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை, மூன்று மாதத்துக்கு மட்டும் நீங்கள் உட்கார்ந்து எழுதித் தர முடியுமா?’ என்று கேட்டோம். அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டார். வரும்போது தாமாகவே ஒரு ஸ்டாம்ப் பேடும் நான்காக மடித்த பழைய வேட்டித் துண்டும் கொண்டுவந்திருந்தார். எழுதிய மனுவை ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துக் காட்டி, ஆதாரில் உள்ள பெயரும் குடும்ப அட்டையில் உள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே, கைநாட்டு வைப்பவரின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் உருட்டுவார்; உருட்டிய கையோடு அந்தத் துணியால் விரலைத் துடைத்தும் விடுவார். மூன்று மாதத்துக்கென்று வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வந்தார்.

இன்ன வேலை, இன்ன நேரம், இன்ன நாள் வரை என்று வரையறுத்துக் கேட்டதுதான் அவரை அசைத்தது. இவற்றில் பலரும் விட்டுவிடுவது கடைசியைத்தான். முட்டிவலி எப்போது முடக்கும், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எப்போது பெங்களூருக்குப் போக வேண்டிவரும் என்று தெரியாத நிலையில், முடிவு தெரியாத பொறுப்பை ஏற்றுக்கொண்டு பாதியில் விட்டுவிடுவதை மானக்குறைவாக அவர்கள் நினைக்கிறார்கள். கெடு சொல்லிக் கேட்டால் அந்த அச்சம் போய்விடும்; கெடு முடிந்ததும், விலகுவதா தொடர்வதா என்பதை அவர்களே சொல்லட்டும்.

உங்கள் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள், இவ்வகையில் கேரளத்துக்கு (16.5) அடுத்த இடம் நம்முடையது. ஆனால், இவர்களில் ஓய்வூதியம் வாங்குபவர்கள் சிறு பகுதியினரே. முப்பது பேர் என்று நீங்கள் எண்ணியது அவர்களை மட்டும்தான். எந்த மதகைத் திறந்தால் எந்தக் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறும், எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது என்பதையெல்லாம் அறிந்த விவசாயியும், வீட்டுக்கு வீடு பிள்ளைப்பேறு பார்த்த பாட்டியும் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டால் உங்கள் வட்டத்தின் வேலையே வேறாகிவிடும்.

கிராம சபையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்த அவையில் ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. புரிந்து கேட்பவர்கள் சிலரே. கணக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற கூட்டுறவு ஊழியர் ஒருவரும் வாய்க்கால் தெரிந்த பெரியவர் ஒருவரும் ஒரு வாரம் முன்னதாக நூலகத்தில் உட்கார்ந்து, சென்ற கூட்டத்தின் தீர்மானங்களில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி, சபையில் நிதானமாக எழுந்து கேட்டால், அதைவிடப் பெரிய பொதுப்பணி ஓர் ஊருக்கு வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சட்ட உதவியில் ஆர்வமுள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் கொண்டுவந்த சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் மூத்த குடிமக்களும் சேரலாம் என்று வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. பயிற்சியும் அளிக்கிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேலையை நீங்களே முடிவு செய்துவிட்டு ஆள் தேட வேண்டாம். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006-இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், ம்பாரே பகுதியைச் சேர்ந்த பதினான்கு பாட்டிமாரைக் கொண்டு ஒரு முயற்சியைத் தொடங்கினார். மனம் நொந்தவர்களோடு மரத்தடி பெஞ்சில் அமர்ந்து பேசி, சிக்கலைப் பிரித்துப் பார்க்க உதவுவதுதான் அவர்களின் வேலை. அதற்கு அவர் வைத்த பெயரில் ‘மனநலம்’ என்ற சொல் இருந்தது; அந்தப் பெயர் இருந்தால் யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிமார் சொன்னார்கள்; ‘நட்பு பெஞ்ச்’ என்று பெயர் மாறியது. அந்த முறை நன்கு பலனளிப்பதை 2016-இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. ஊரின் மனத்தை அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி, சிறியவையாகத் தோன்றினாலும் ஆளை நிறுத்தக்கூடியவை. நூலகத்தின் கழிப்பறை திறந்திருக்கிறதா? பூட்டிய கழிப்பறையால் வராமல் நின்றுபோன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ‘உடம்பு முடியவில்லை’ என்பார்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, படிக்க வெளிச்சம், குடிக்கத் தண்ணீர் ஆகியவற்றுக்கு முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆண்களுக்கு ஆகும் பேருந்துச் செலவை வட்டமே ஏற்கட்டும். பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி அழைத்துவரும் பாட்டிமாருக்கு மாலை நேரம் ஒத்துவராது. காலை பத்து மணிக்கு மேல் வையுங்கள். பெரிய பதவியில் இருந்தவர் வந்ததும் தலைமை ஏற்க முனைந்தால், தலைமையை மாதமொருவர் என முறைவைத்துவிடுங்கள். இரண்டு வாரம் ஒருவர் வராவிட்டால் குழுவில் செய்தி போடுவதோடு நிற்காமல், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த ஆசிரியை விஷயத்துக்கு வருகிறேன். மகனைப் பகையாக நினைக்காதீர்கள். தாயார் விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற கவலைதான் ‘அலைச்சல்’ என்ற சொல்லாக வந்திருக்கிறது. அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அம்மாவும் உடனிருக்கும்போது பேசுங்கள். 15 வயதைக் கடந்த, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 2022 முதல் நடந்துவரும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களை நம்பியே இயங்குகிறது. உங்கள் ஊரில் அதற்கு ஆசிரியையின் உதவி எந்த அளவுக்குத் தேவை என்பதை மகன் காதுபடச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், மூன்று மாதம். அழைத்துவந்து வீட்டில் விடுவது இன்னார். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் இது. மருத்துவரிடம் போகும் வாரத்தில் விடுமுறை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி மகனிடம் கொடுங்கள். பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பி, ‘டீச்சர், உங்களுக்கு எந்தக் கிழமை வசதிப்படும்?’ என்று கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்தே வரட்டும்.