தாள் மாற்றக்கூடிய தோல் சித்திரக் கொப்பியை வீட்டில் செய்யலாமா? மலைநாட்டு ஈரத்தில் தாங்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். தாள் தீர்ந்தால் உள்கொப்பியை மட்டும் மாற்றிப் போடக்கூடிய தோல் மட்டையை, மெஷின் எதுவும் இல்லாமல் கையால் செய்ய முடியுமா? நம்முடைய பனியிலும் மழையிலும் அது பூஞ்சணம் பிடிக்காமல் இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றுதான் சொல்வேன். இரண்டாவதற்கு ஆம் சொல்ல எனக்கு ஒரு மட்டை பலியாக வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலைப் பக்கம். பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஆறு வருடமாக ஒரே தோல் மட்டைதான். அதற்குள் இருபத்து மூன்று கொப்பிகள் வந்து போய்விட்டன. அதற்கு முன் கெட்டி அட்டை போட்ட நல்ல கொப்பி ஒன்று பரிசாகக் கிடைத்திருந்தது. முதல் பக்கத்திலேயே ஒரு கோடு பிசகினால் கொப்பி முழுக்கக் கெட்டுப்போகும் என்ற பயத்தில் எடுத்துப் பார்ப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். நானே தைத்த முப்பத்திரண்டு பக்கக் கொப்பியில் அந்தப் பயம் இல்லை. பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு அடுத்ததைச் செருகலாம். இதைச் செய்யச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதலில் தோல். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோலைக் கேட்டு வாங்குங்கள். ஆவாரம்பட்டை அந்தக் காலத்திலிருந்தே இதற்குப் பயன்பட்டு வருகிறது. கைப்பைகளிலும் மென்மையான சப்பாத்துகளிலும் பெரும்பாலும் இருப்பது குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல். அது துணி போலத் தொய்யும், மட்டைக்கு நிற்காது. பார்த்துப் பிரிப்பது கஷ்டமில்லை. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: பட்டைத்தோல் உள்ளேயும் மண்நிறமாக இருக்கும், குரோமியத் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் தெரியும். சாயம் பூசாத பட்டைத்தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சி அந்த இடம் கறுக்கும். தடிப்பு 2 மில்லிமீற்றர் அளவு போதும்.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் ஏ5, அதாவது 148க்கு 210 மில்லிமீற்றர். இரண்டு கொப்பி வைக்க மட்டை 22 சென்டிமீற்றர் உயரமும் 32 சென்டிமீற்றர் அகலமும் வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து 29.6, முதுகுக்கு ஒன்றரை, மிச்சம் விளிம்பில் கொப்பியைக் காக்க. தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். பரப்பைப் பார்த்தால் ஒரு சதுர அடியே மிஞ்சும், ஆனால் சதுரமான ஒரு அடித் துண்டின் பக்கம் 30.5 சென்டிமீற்றர்தான். ஒன்றரைச் சென்டிமீற்றர் குறையும். நான் கொழும்பிலிருந்து எடுப்பித்த முதல் துண்டில் இதைக் கவனிக்கவில்லை. நீளத்தைச் சொல்லி வாங்குங்கள்.

இரும்பு அடிமட்டம் வைத்து, புது பிளேட்டால், ஒரே அழுத்தில் அறுக்காமல் மூன்று நான்கு முறை மெல்ல இழுத்து வெட்டுங்கள். விளிம்பை ஈரத்துணியால் நனைத்துப் பழைய டெனிம் துண்டால் சூடேறும்வரை தேய்த்தால் நார் படிந்து கண்ணாடி போல மினுங்கும்.

முதுகின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீற்றர் உள்ளே பக்கத்துப் பக்கமாக இரண்டு துளை, கீழேயும் அதே போல இரண்டு. நடுவில் ஒன்று, வெளியே சுற்றி மூடுகிற இலாஸ்டிக்குக்கு. குத்தூசியால் கிழித்த துளை நாளடைவில் நீண்டு பிய்ந்துபோகும். வட்டமாக வெட்டி எடுக்கிற துளைக்கருவிதான் வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சப்பாத்துத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் போட்டுத் தருவார். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. அவர் போட்ட ஐந்து துளையும் இன்றுவரை அப்படியே வட்டமாக இருக்கின்றன.

தையல் சாமான் கடையில் கிடைக்கிற 2 மில்லிமீற்றர் உருட்டு இலாஸ்டிக்கை மேல் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு, உட்பக்கமாகக் கீழே இறக்கி வெளியே எடுத்து, அடுத்த துளையில் உள்ளே விட்டு மேலே ஏற்றி வெளியே கொண்டுவந்து இரு முனையையும் முடியுங்கள். உள்ளே இரண்டு கோடு வரும். கொப்பியின் நடுப்பக்கத்தை ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே நுழைப்பதுதான் மாற்றுகிற வேலை முழுவதும். ரொம்ப இழுத்துக் கட்டினால் மட்டை படகு போல வளையும். ஒரு விரல் நுழைகிற இறுக்கம் சரி.

இப்போது நிறம். அது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் அதில் நீலக்கருமை படிந்திருப்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்போம். செடியிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கருமை அது. பட்டைத்தோலிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. துருப்பிடித்த ஆணிகளை வெள்ளை வினாகிரியில் இரண்டு வாரம் ஊறப்போடுங்கள். வாயு கிளம்பும், ஆகவே மூடியை இறுக்க வேண்டாம். கடுமையாகக் காய்ச்சிய பிளேன்டீயை, சீனி போடாமல், தோலில் இரண்டு முறை பூசிக் காயவிட்டு, அதன்மேல் அந்த வினாகிரியைத் துணியால் தடவுங்கள். முதலில் சாம்பல், பிறகு மழைக்கு முந்திய வானம் போல ஊதா, ஒரு நிமிடத்தில் கறுப்பு. நான் பூசிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். தோலைப் பார்த்தார், தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். "தேயிலைக்கறைதானே" என்றார். மட்டையின் ஒரு மூலையை அவரைக் கொண்டே பூசச் சொன்னேன். அந்த மூலை கொஞ்சம் திட்டுத்திட்டாக இருக்கும், நான் திருத்தவில்லை.

பூசி முடிந்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை துடையுங்கள், புளிப்பு அடங்கும். காய்ந்த பிறகு தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து உருக்கிய களிம்பை மெல்லிசாகத் தேயுங்கள். இங்கே எண்ணெய் பாதி நாள் உறைந்துதான் கிடக்கும், சுடுதண்ணீரில் போத்தலை வைத்து இளக்க வேண்டும். அதிகம் பூசினால் தோல் தொய்ந்துவிடும்.

என் முதல் மட்டை போனது காயவைக்கிற இடத்தில். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு நனைந்தால் காயப்போடுவது போல அதையும் அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். காலையில் சுருங்கி, ஓரம் மடங்கி, தட்டினால் பலகைச் சத்தம் வந்தது. ஈரத்தோலில் சூடு பட்டால் உள்ளிருக்கும் நார் சுருங்கிவிடும். பிறகு எந்த எண்ணெயும் அதை மீட்காது. நிழலில், காற்றில், தட்டையாக, இரண்டு நாள் காயட்டும்.

பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, மேமாதம் தொடங்கினால் எங்கள் பக்கம் சட்டையே காயாது. ஆகவே பொலித்தீன் பையில் போட்டு அலுமாரிக்குள் பூட்டாதீர்கள். பருத்திப் பையில் வைத்துத் தினமும் கையில் எடுங்கள். பாவிக்கிற தோலில் பூஞ்சணம் குறைவு என்பது என் அனுபவம். வெள்ளையாகப் படிந்தால் வாசலுக்குக் கொண்டுபோய் உலர்ந்த துணியால் தட்டி, வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வீட்டுக்குள்ளே தட்டினால் தூள் பறந்து மற்றதிலும் பிடிக்கும்.

உள்கொப்பிக்கு 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில்) தாள் எட்டு, பென்சிலுக்கும் பேனைக்கும். நீர்வர்ணத்துக்கு 200க்கு மேல், நான்கு தாள் போதும். தாளுக்கும் நார் ஓடுகிற திசை உண்டு. மடிப்பு அந்தத் திசையோடு போக வேண்டும். கடையில் வருகிற ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5 ஆக மடித்தால் குறுக்கே முறிந்து கொப்பி வாயைத் திறந்தே நிற்கும். பெரிய சித்திரத் தாளை வாங்கி, இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்து, இலகுவாக வளைகிற பக்கம் மடிப்பு வரும்படி வெட்டுங்கள்.

தையலுக்கு மடிப்பில் மூன்று துளை, மெழுகு தேய்த்த நூல் 55 சென்டிமீற்றர். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல் துளையில் வெளியிலிருந்து உள்ளே. நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே, திரும்ப நடுவில் உள்ளே. நடுவிலோடும் நீளத் தையலின் இரு பக்கமும் ஒவ்வொரு நுனி இருக்கும்படி பிடித்து முடிச்சுப் போடுங்கள். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாடவேளையில் இதைப் பழகிவிடுகிறார்கள்.

போன சனிக்கிழமை சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் ரோட்டோரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். பாதியில் பனி இறங்கித் தாள் பதமாகிவிட்டது. நனைந்த கொப்பியைக் கழற்றித் தாள்களுக்கு இடையில் பழைய பத்திரிகையை வைத்துப் பைக்குள் போட்டேன். காய்ந்த கொப்பியைச் செருகினேன். பனி விலகியபோது நீர்வீழ்ச்சியை முதலிலிருந்து வரையத் தொடங்கினேன்.